மேற்கோளும் முகவரியும்

எழுத்தறிவு என்பது ஓரிடத்தில் நின்றுவிடும் பொருளன்று. ஓலையிலே எழுத்தாணி கொண்டு எழுதியவனுக்கு வேண்டிய அறிவு வேறு. அச்சுக்கூடத்திலே ஈய எழுத்துக்களைக் கோத்தவனுக்கு வேண்டிய அறிவு வேறு. ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. படிப்போன் தன் மொழியறிவினாலே அதனை நிரப்பிக்கொண்டான். அச்சு வந்தபோது புள்ளி நிலைபெற்றது. பந்தி பிரித்தலும், தலைப்பிடுதலும், அடிக்குறிப்பு அமைத்தலும் அதனோடு வந்து சேர்ந்தன. எழுதும் கருவி மாறுந்தோறும் எழுதுவோன் கற்கவேண்டிய சிறு கலைகள் சிலவும் உடன்வருவது இயல்பு. உலகளாவிய வலை என்னும் புதிய ஏடு மனிதர் கைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதனோடு வந்த சிறு கலை யாது? எழுத்தையே தொழிலாகவும் துணையாகவும் கொண்ட நம்மில் எத்தனை பேர் அதனைக் கற்றிருக்கிறோம்?

அக் கலையின் பெயர் எச்.ரி.எம்.எல். என்பது. தமிழில் மீயுரைக் குறியிடு மொழி என வழங்குவர்; ஈண்டு சுருக்கமாகக் குறிமொழி என்றே குறிப்பிடுவேன். நம் நாட்டுப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர் இதனைப் பாடமாகவே படிக்கின்றனர். ஆயின் இலக்கியம் பயில்வோரும் பயிற்றுவோரும், இது கணிதம் வல்லார்க்கு உரிய துறையென்று எண்ணி ஒதுங்கி நிற்பதையே பெரும்பாலும் காண்கிறேன். நான் தமிழ் கற்பிக்கும் தொழிலினன், கணிதத்தில் வல்லுநனல்லன். ஊரிலே பல காலமாக வெளிவந்த சிறப்பு மலர்கள் சிலவற்றின் பொருளடக்கத்தைத் தொகுத்து வலையில் ஏற்ற விரும்பிய மாணவர் நால்வருடன் அமர்ந்து இதனைக் கற்றுக்கொண்டேன். அடிப்படை முழுவதும் ஒரு வார இறுதிக்குள் அடங்கியது. கற்றபின் எனக்குத் தோன்றியது இதுதான்: இக் கலையின் உடல் இலக்கணத்தைச் சேர்ந்தது, உயிரோ மேற்கோள் காட்டும் மரபைச் சேர்ந்தது. இரண்டும் தமிழ் படித்தவனுக்குப் புதியன அல்ல.

மறதிக்கு மருந்து

சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் ஆகிய இரு நாடுகளின் எல்லையிலே, ஜெனீவா நகரை அடுத்து, அணுத்துகள்களை ஆராயும் பெரிய ஆய்வுகூடம் ஒன்று உள்ளது. சேர்ண் என்பது அதன் பெயர். பல நாட்டு விஞ்ஞானிகளும் அங்கு வந்து, சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிச் செல்வர். அவர்கள் செல்லும்போது அவர்கள் அறிந்தவையும் உடன்சென்றுவிடும். இன்ன கருவியை அமைத்தவர் யார், அதற்கான குறிப்பு எந்தக் கணினியில் உள்ளது என்பன போன்ற செய்திகள் பின்வந்தோர்க்கு எளிதிற் கிட்டுவதில்லை. கணினிகளும் ஒன்றன் கோப்பை ஒன்று படிக்கமாட்டாத பல வகையினவாக இருந்தன.

இக் குறையைத் தீர்க்கும் வழியொன்றை, அங்கு பணிபுரிந்த ரிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989 மார்ச் மாதத்திலே ஒரு திட்டவரைவாக எழுதித் தம் மேலாளரிடம் கொடுத்தார். மேலாளராகிய மைக் சென்டல், கருத்துத் தெளிவாக இல்லை, ஆயினும் உள்ளத்தைக் கிளர்விக்கிறது என்ற பொருள்பட அதன் முகப்பிலே எழுதிவைத்தார், திட்டத்தைத் தள்ளிவிடவில்லை. 1990 இன் இறுதியில் முதல் உலாவியும் முதற் சேவையகமும் இயங்கின. 1991 ஓகஸ்ட்டில் வெளியுலகம் அறிந்தது. 1993 ஏப்ரல் 30 ஆந் திகதி, இதனை யாவரும் கட்டணமின்றிக் கையாளலாம் எனச் சேர்ண் நிறுவனம் எழுத்திற் கொடுத்தது. கணினிகளைத் தொடுக்கும் பாதையாகிய இணையம் இதற்கு முன்னரே இருந்தது. அப் பாதையிலே செல்லும் பக்கங்களின் தொகுதியாகிய வலை பிறந்தது இவ்வாறுதான்.

இவ் வரலாற்றில் நாம் மனங்கொள்ளத்தக்கன இரண்டு. வலை தோன்றியது வாணிகத்துக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ அன்று; ஒரு நிறுவனத்தின் மறதிக்கு மருந்தாகவே அது தோன்றிற்று. மற்றது, பேர்ணர்ஸ்-லீ அமைத்த முதல் உலாவியிலே பக்கத்தைப் படிக்கவும் முடிந்தது. அதே சாளரத்தில் எழுதவும் திருத்தவும் முடிந்தது. 1993 இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்து பெரும்புகழ் பெற்ற மொசைக் முதலிய உலாவிகள் பெரும்பாலும் படிப்பதற்கே உரியனவாயின. படிப்போன் வேறு, எழுதுவோன் வேறு என்னும் பிரிவு வலையிலே அப்போது வேர்கொண்டது. குறிமொழியைக் கற்பவன் அப் பிரிவைத் தாண்டி மறுபக்கம் செல்கிறான்.

பக்கத்தின் இலக்கணம்

குறிமொழியில் எழுதிய பக்கம் வெறும் எழுத்துக் கோப்பேயாகும். கணினியோடு வரும் நோட்பாட் போன்ற எளிய செயலியே அதனை எழுதப் போதும். நமது வாசகத்தில் இன்ன பகுதி தலைப்பு, இன்ன பகுதி பந்தி, இன்ன பகுதி பட்டியல் என்று உலாவிக்கு உணர்த்தும் சிறு குறிச்சொற்களை உரிய இடங்களில் இடுவதே செய்யவேண்டியது. குறிச்சொல் கோண அடைப்புக்குள் நிற்கும். பகுதி தொடங்குமிடத்தில் ஒன்று. முடியுமிடத்தில் அதுவே முன்னொரு சாய்கோடு பெற்று மறுபடியும் ஒன்று. ஒன்றனுள் ஒன்று அடங்கலாம். ஆயின் உள்ளே திறந்தது உள்ளேயே மூடப்படல் வேண்டும். படத்தைக் காட்டும் குறிச்சொல் போன்ற சில, மூடுஞ்சொல் வேண்டாதன. எழுவாயைத் தொடங்கிப் பயனிலையை மறந்த வாக்கியத்தை மாணவர் கொப்பியிலே திருத்திப் பழகிய ஆசிரியருக்கு, மூடாத குறிச்சொல்லைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமன்று.

பக்கம் முழுவதையும் தழுவி நிற்பது குறிமொழியின் பெயரையே கொண்ட குறிச்சொல். அதனுள் தலை, உடல் என இரு கூறுகள் உள. பக்கத்தின் பெயர், அதன் எழுத்துமுறை முதலிய செய்திகள் தலையில் அடங்கும். வாசகர் கண்ணுக்குப் புலனாவன எல்லாம் உடலில் அமையும். தலைப்புகளுக்கு எச் 1 முதல் எச் 6 வரை ஆறு படிகள் உள்ளன. பந்திக்கு உரியது பீ என்ற ஓரெழுத்து. பட்டியல்களுக்கும் படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் வேறு சில. தொடக்க காலத்தில் பேர்ணர்ஸ்-லீ எழுதிவைத்த விளக்கத்திலே 18 குறிச்சொற்களே இருந்தன. இன்று நூற்றுக்கு மேல் உள்ளன. எனினும் கட்டுரை எழுதுவோனுக்கு அப் பழைய பதினெட்டிலும் குறைந்த தொகையே போதும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. தலைப்புக் குறிச்சொல் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதற்கு ஏற்பட்டதன்று. இது தலைப்பு என்று சொல்வதற்கே ஏற்பட்டது. எழுத்தின் அளவையும் நிறத்தையும் வகுப்பதற்கு வேறொரு மொழி உண்டு. உருவத்தைக் கொண்டு அல்லாமல் தொழிலைக் கொண்டு சொல்லைப் பாகுபடுத்தும் இலக்கண நெறிக்கு இது மிக அணித்து. கண்பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்புச் செயலிகள் தலைப்பைத் தலைப்பென்றும் பட்டியலைப் பட்டியலென்றும் அறிந்து குரலிற் சொல்ல வல்லனவாவது இதனாலேதான்.

தமிழில் எழுதுவோர் தலைப் பகுதியிலே எழுத்துமுறை யூ.ரி.எப்.-8 என்று குறிப்பிடுதல் இன்றியமையாதது; பக்கத்தின் மொழி தமிழ் என்பதையும் முதற் குறிச்சொல்லிலே பொறித்தல் நன்று. ஒரு காலத்தில் பாமினி முதலிய எழுத்துருக்களைக் கொண்டு நாம் வலையில் எழுதினோம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அதே பக்கம் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தோன்றும். தேடுபொறிக்கும் அது தமிழாகப் புலப்படாது. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் தனித்தனி எண் வகுத்த யுனிகோட் முறையில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. அம் முறையிலே எழுதிய தமிழ்தான் எங்கும் தமிழாக நிற்கும்.

ஓரெழுத்தொருமொழி

இதுகாறும் கூறியவை தனிப் பக்கத்துக்கு உரியன. தனிப் பக்கம் எவ்வளவு அழகாக அமைந்தாலும் அது ஓலை நறுக்கேயன்றிச் சுவடி ஆகாது. பக்கத்தைப் பக்கத்தோடு சேர்க்கும் கயிறு ஒன்று வேண்டும். அக் கயிறே இணைப்பு என்பது. அதற்கு உரிய குறிச்சொல், ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தாகிய ஏ. விளக்கத்தின் பொருட்டுத் தமிழெழுத்திலே பெயர்த்துக் காட்டினால் அது பின்வருமாறு அமையும்:

‹ஏ எச்ஆர்ஈஎவ்="சென்று சேரவேண்டிய முகவரி"›வாசகர் காணும் சொற்கள்‹/ஏ›

எழுதும்போது குறிச்சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்துக்களிலே எழுதுதல் வழக்கம். இரட்டை மேற்கோட் குறிகளுக்குள் நிற்பது முகவரி. அது பக்கத்திலே தோன்றாது. இரு குறிச்சொற்களுக்கும் இடையே நிற்பதுதான் வாசகருக்குத் தெரிவது. அதனை அழுத்தினால் உலாவி அம் முகவரிக்குச் செல்லும். ஏ என்பது நங்கூரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. தற்செயலாகத் தமிழிலும் ஏ என்பது ஓரெழுத்தொருமொழி. நன்னூலார் கணக்கிட்ட 42 இனுள் ஒன்று. அம்பு என்பது அதன் பொருள். ஓரிடத்தில் ஊன்றி நிற்பது நங்கூரம். வேறிடத்தை நோக்கிச் செல்வது அம்பு. இணைப்பிலே இரு தன்மையும் உண்டு.

முகவரிகள் பல திறத்தன. வேறொரு தளத்திலுள்ள பக்கத்தைச் சுட்டும்போது முழு முகவரியையும் எழுதவேண்டும். வெளியூருக்குக் கடிதம் எழுதுவோன் பெயர், வீதி, ஊர், நாடு எல்லாவற்றையும் எழுதுவது போல. நமது தளத்துக்குள்ளேயே உள்ள பக்கத்துக்குக் கோப்பின் பெயரை மட்டும் எழுதினாற் போதும். பக்கத்து வீட்டுக்குப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் துண்டுக்கு முழு விலாசம் வேண்டுவதில்லை அல்லவா? இவ்வாறு எழுதுவதில் ஒரு நன்மையும் உண்டு. தளம் முழுவதையும் வேறிடத்துக்குப் பெயர்த்தாலும் உள்ளிணைப்புகள் அறுவதில்லை. மூன்றாவது வகை, நீண்ட பக்கத்தின் உள்ளே ஒரு பகுதியைச் சுட்டுவது. அப் பகுதிக்கு ஒரு பெயரிட்டு, முகவரியின் ஈற்றிலே நிரற்கோட்டுக் குறியாகிய # ஐயும் அப் பெயரையும் சேர்த்தால், வாசகர் நேரே அப் பந்திக்கே செல்வர். நூலொன்றின் பொருளடக்கம் அமைப்போர்க்கு இது பெரிதும் பயன்படும். கோப்புகளுக்குப் பெயரிடும்போது இடைவெளி விடாமையும், சிற்றெழுத்துக்களையே கையாளுதலும் நன்று. பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கொள்ளும் சேவையகங்கள் பல உள.

இணைப்பிலே வாசகர் காணும் சொற்களைத் தெரிந்தெடுப்பது தனிப் பயிற்சி. மாணவர் பலரும் முதலில் எழுதுவது ‘இங்கே அழுத்துக’ என்பது. பத்து இணைப்பு உள்ள பக்கத்தில் பத்து இடத்தில் ‘இங்கே’ என்று நின்றால், எது எங்கே செல்லும் என்பதை யார் அறிவர்? வாசிப்புச் செயலியைத் துணைகொள்ளும் பார்வையற்ற வாசகர், பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் நிரலாகக் கேட்டறியும் வழக்கம் உடையவர். அவர் செவியில் ‘இங்கே, இங்கே, இங்கே’ என்ற ஒலியே விழும். சென்று சேரும் பக்கத்தின் பெயரையோ பொருளையோ இணைப்புச் சொல்லாக அமைப்பதே முறை. சுட்டுப்பெயர் வந்தால் அது சுட்டும் பெயர் தெளிவாயிருத்தல் வேண்டும் என்று நாம் வகுப்பிலே சொல்லிக்கொடுப்பதும் இதுவே.

உரையாசிரியரும் இணைப்பும்

இனி, இக் கட்டுரையின் உயிர்நிலையான செய்திக்கு வருகிறேன்.

ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலைச் சுட்டும் வழக்கம் நம் உரையாசிரியர்களிடம் பண்டே செழித்திருந்தது. சூத்திரத்துக்கு உரை எழுதும்போது இலக்கியத்திலிருந்து மேற்கோள் காட்டுவர். ஆயினும் அம் மேற்கோள் எந்நூலைச் சேர்ந்தது என்று பல இடங்களிற் கூறமாட்டார்கள். அக்காலத்து மாணாக்கன் அப் பாடல்களை மனனஞ் செய்தவன். அவனுக்கு நூற்பெயர் வேண்டியதில்லை. காலம் மாறி அந் நூல்கள் பயிற்சியற்றுப் போனபின், மேற்கோள் மட்டும் நின்றது, முகவரி இல்லை. சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பிக்க முற்பட்ட உ. வே. சாமிநாதையர், அவ்வுரையிலே கண்ட பெயரறியா மேற்கோள்கள் எவற்றைச் சேர்ந்தவை என்று தேடத் தொடங்கினார். அத் தேட்டமே அவரைச் சங்க நூல்களிடம் அழைத்துச் சென்றது. சிந்தாமணி 1887 இலும், பத்துப்பாட்டு 1889 இலும், புறநானூறு 1894 இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. முகவரியில்லாத இணைப்புகளை ஒருவர் பல்லாண்டு உழைத்துத் தொடர்ந்து சென்று கண்ட பயன் அது.

மற்றொரு பக்கத்தையும் நோக்குவோம். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதி முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலிலும், உரைகளிலும் எடுத்தாளப்பட்ட 70 அளவிலான செய்யுள்களே எஞ்சின. தகடூர் யாத்திரையின் நிலையும் அத்தகையதே. நூல் அழிந்தது, மேற்கோள் பிழைத்தது. உரையாசிரியர் முகவரி கொடாவிடினும் பொருளைக் கொடுத்தார்.

வலையின் இணைப்போ இதற்கு நேர்மாறானது. அது முகவரியைக் கொடுக்கும், பொருளைக் கொடாது. சுட்டப்பட்ட பக்கம் இருக்கும்வரை அதனைப்போல் விரைந்து பயன்படும் மேற்கோள் வேறில்லை. பக்கம் மறைந்தால், 404 என்ற எண்ணும், கோரிய பக்கம் காணப்படவில்லை என்ற அறிவிப்புமே எஞ்சும்.

இக் குறை தற்செயலாக நேர்ந்ததன்று. மீயுரை என்னும் ஆங்கிலச் சொல்லை 1965 இல் ஆக்கியவர் ரெட் நெல்சன் என்னும் அமெரிக்கர். இணைப்பு இருபுறமும் செல்லல் வேண்டும், ஒருபோதும் அறுதல் கூடாது என்பது அவர் கொண்ட இலட்சியம். 1960 இலேயே அவர் எண்ணத் தொடங்கிய சனடு என்னும் அமைப்பு அதனை நோக்கியது. வலைக்கு முன்னர் இருந்த மீயுரை அமைப்புகள் சிலவற்றிலே இணைப்புகள் யாவும் ஒரே களஞ்சியத்திற் பதியப்பட்டன. அதனால் அவை அறாமற் காக்கப்பட்டன. பேர்ணர்ஸ்-லீ அதனைக் கைவிட்டார். யாரிடமும் அனுமதி கேளாமல், எந்தக் களஞ்சியத்திலும் பதியாமல், எவரும் எவருடைய பக்கத்தையும் சுட்டலாம் என்றார். சுட்டப்பட்டவர்க்கு அது தெரியவும் வேண்டியதில்லை. 1991 இல் அமெரிக்காவிலே நடைபெற்ற மீயுரை மாநாட்டுக்கு அவரும் அவர்தம் நண்பர் றொபேர்ட் கையோவும் அனுப்பிய ஆய்வுரை ஏற்கப்படவில்லை. செய்முறை காட்டுவதற்கே இடங் கிடைத்தது. அறிஞர் குறைகண்ட அவ் வெளிமையே வலையை உலகெங்கும் பரப்பிற்று. அதற்கு நாம் கொடுக்கும் விலை, இணைப்பு அறுந்தால் அறிவிப்பார் இல்லை என்பது.

அவ் விலை சிறிதன்று. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013 இல் இருந்த வலைப்பக்கங்களுள் நூற்றுக்கு 38 பத்தாண்டுகளின் பின் கிடைக்காமற் போய்விட்டன. எத்தனையோ மனிதர் தம் கையாலே முதன்முதற் பக்கம் எழுதிப் பழகிய ஜியோசிற்றீஸ் என்னும் தளம் 2009 ஒக்டோபரில் அமெரிக்காவிலே மூடப்பட்டது. எனக்கும் இவ் வகையில் ஓர் அனுபவம் உண்டு. நான் எழுதிய ஆறேழு கட்டுரைகளை விரும்பிக் கேட்டு வெளியிட்ட இணையத்தளம் ஒன்று, முன்னறிவிப்பு எதுவுமின்றி ஒருநாள் இல்லாதொழிந்தது. அவற்றைச் சுட்டி நண்பர்கள் எழுதிய கட்டுரைகள் இன்றும் உள்ளன. அவற்றிலுள்ள இணைப்புகள் வெறுவெளியை நோக்கி நிற்கின்றன.

இரண்டும் வேண்டும்

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு தொடங்கி எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. நூல் அழிவது என்றால் என்ன என்பதை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2005 இலே தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலே ஈழத்து நூல்களும் இதழ்களும் மலர்களும் பல்லாயிரமாகச் சேர்ந்திருப்பதன் பெருமையை உணர்வதற்கும் நமக்கு விளக்கவுரை வேண்டாம். அதற்கு முன்னர், 1998 இலே தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை அன்பர்களின் தட்டச்சு உழைப்பினாலே வலையில் ஏற்றிற்று. நூலகத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண் ஒன்று உண்டு. அவ் வெண் சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயின் நிலையான எண் உள்ள பொருளையே நம்பிச் சுட்டமுடியும். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதரே அவற்றை மாற்றுகின்றனர் என்ற கருத்தைப் பேர்ணர்ஸ்-லீ 1998 இலே எழுதினார். 2013 இல் சேர்ண் நிறுவனம் தன் முதற் பக்கத்தை மீண்டும் அதன் பழைய முகவரியிலேயே நிறுவியது அக் கருத்துக்கு அமைந்த செயல் எனலாம்.

எனவே நம் எழுத்தாளர்க்கும் மாணவர்க்கும் நான் கூற விரும்புவது இது. உரையாசிரியரின் முறையும் வலையின் முறையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஒன்றன் குறையை மற்றது நிரப்பும். பிறர் கருத்தை எடுத்தாளும்போது இணைப்பை மட்டும் இட்டுவிட்டு அமைதி கொள்ளாதீர்கள். ஆசிரியர் பெயர், கட்டுரையின் தலைப்பு, வெளிவந்த இதழ், ஆண்டு ஆகியவற்றைப் பக்கத்திலேயே எழுதுங்கள். கருத்தின் சாரத்தை இரண்டு வரிகளிலே தாருங்கள். அதன்பின் தலைப்பின்மேல் இணைப்பை அமையுங்கள். எங்கள் மலர்ப் பட்டியலிலே நாங்கள் கொடுத்த இணைப்புகளுட் சில இரண்டு ஆண்டுகளுக்குள் அறுந்தன. மலரின் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் அருகிலே எழுதப்பட்டிருந்தமையால், மாணவி ஒருத்தி அவற்றுட் பலவற்றை வேறிடங்களிலே தேடிக் கண்டு, புதிய முகவரிகளை ஒரு மாலைப்பொழுதிலே பொருத்தி முடித்தாள். பெயர் எழுதப்படாத ஒன்றை மட்டும் இன்றுவரை கண்டுபிடிக்க இயலவில்லை.

சுட்டுவோன் கடமை இதுவாயின், சுட்டப்படுவோன் கடமையும் ஒன்றுண்டு. இட்ட முகவரியை மாற்றாதிருத்தல் அது. மாற்றவேண்டி நேர்ந்தால் பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய இடத்துக்கு வழிப்படுத்துதல் வேண்டும். இதழ்களும் சங்கங்களும் தம் தளத்தைப் புதுக்கும்போது பழைய பக்கங்களை வேண்டாப் பொருளெனக் கழித்துவிடுகின்றன. வீட்டை மாற்றுவோர் தபாற்காரருக்குச் சொல்லிவிட்டுப் போவதுபோன்ற சிறு செயலே இது. செய்யாவிடின் இழப்புப் பெரிது. அமெரிக்காவில் 1996 இலே நிறுவப்பட்ட இணைய ஆவணக் காப்பகம் உலகின் பக்கங்களைப் படியெடுத்துச் சேமித்து வருகிறது. நம் பக்கத்தையும் நாம் சுட்டும் பக்கத்தையும் அங்கே பதிந்துவைத்தல் எவரும் செய்யக்கூடியது.

முகநூலிலும் பிற சமூக ஊடகங்களிலும் தினமும் தமிழில் எழுதுவோர் தொகை பெரிது. அங்கே நல்ல கட்டுரைகளும் வருகின்றன, மறுக்கவில்லை. ஆயினும் அங்கு எழுதுவோன் பக்கத்தின் உடையவன் அல்லன், குடியிருப்போனே. தலைப்பை இன்ன படியிலே வைக்கவும், ஒரு பந்திக்குப் பெயரிட்டுச் சுட்டவும், ஒரு சொல்லின்மேல் இணைப்பை ஏற்றவும் அங்கு அவனுக்குள்ள உரிமை குறைவு. நேற்று எழுதியதை இன்று தேடுவதே அரிதாகிறது. குறிமொழியிலே தன் கையால் எழுதிய ஒரு கோப்பை உடையவன், அதனை எந்தச் சேவையகத்திலும் வைக்கலாம். நண்பருக்குக் கொடுத்துப் பாதுகாக்கலாம். வலையே இல்லாதபோதும் தன் கணினியிலே திறந்து படிக்கலாம். தொடக்க காலத்தில் எழுதிய முதற் பக்கங்களை இன்றைய உலாவியும் தடையின்றிக் காட்டுகிறது என்பதை நினைத்தால், இவ் வெளிய எழுத்துக் கோப்பின் உறுதி விளங்கும்.

தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவருக்கு ஒரு பயிற்சியைக் கொடுக்கலாம். தம் ஊர் எழுத்தாளர் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுக. தலைப்பும் மூன்று பந்தியும் நூற்பட்டியலும் அமைக. பட்டியலில் உள்ள நூல்களுள் வலையிற் கிடைப்பனவற்றுக்குப் பெயரும் ஆண்டும் கூறி இணைப்பிடுக. இவ்வளவே. கட்டுரைப் பயிற்சியும், நூற்றேட்டமும், குறிமொழியும் அதனுள் ஒருங்கே அடங்கும். அதனினும் மேலாக, தான் எங்கிருந்து பெற்றான் என்பதைச் சொல்லிக்காட்டும் நேர்மை மாணவனிடம் வளரும். அறிவு ஒருவனோடு தொடங்கி ஒருவனோடு முடிவதன்று என்பதை இணைப்பிடும் ஒவ்வொரு தடவையும் அவன் ஒப்புக்கொள்கிறான். நூல்களை இழந்து, மீண்டும் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துவரும் ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு இதனினும் உகந்த எழுத்துப் பயிற்சி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.